இடிக்குமுன் மதிப்பிடுவோம்: மும்பைச் சால்களும் நம் வரலாற்றுக் கடமையும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஆலயங்களையும் முதலில் தேடிச் செல்வது இயல்பு. ஆண்டவர்கள் கல்லில் கட்டினர், கல்லில் எழுதினர், ஆவணங்களையும் விட்டுச் சென்றனர். ஆயின், அந்நகரத்தின் ஆலைகளில் நூல் நூற்றவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், தெருக்களைக் கூட்டியவர்களும் தம் கைப்பட எழுதி வைத்தவை மிகச் சில. அவர்கள் வாழ்ந்த வீடுகளே அவர்கள் விட்டுச் சென்ற ஏடுகள் எனலாம். அவ்வீடுகள் பழுதுற்று, அவற்றை இடித்துப் புதியன எழுப்ப வேண்டிய காலம் வரும்போது, அவ்வேடுகளைப் படித்த பின் அகற்றுகிறோமா, படியாமலே அகற்றுகிறோமா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. மும்பை மாநகரின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சால்களின் தோற்றம்

நீண்டதொரு தாழ்வாரத்தின் ஓரமாக வரிசையாய் அமைந்த ஒற்றையறைகள், தளந்தோறும் பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் என அமைந்த கட்டடமே மும்பையில் சால் எனப்படுவது. நம் ஊர்களில் ஒண்டுக் குடித்தனம் என்பார்களே, அதன் பல மாடி வடிவம் என்று கொள்ளலாம். தமிழில் சால் என்பது ஏர் உழுத தடத்தைக் குறிக்கும். மராத்தியில் வழங்கும் சொல் வேறாயினும், வரிசை என்னும் கருத்து இரண்டிற்கும் பொருந்தி நிற்பது வியப்பே.

1896ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் மிக்க குடியிருப்புகளே நோய்க்கு இடமென்று அரசினர் கருதினர். அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. நம்மவர் பலர் வாழும் மாதுங்காவும் அதனையடுத்த தாதரும் திட்டமிட்ட பகுதிகளாக உருவானது இந்த டிரஸ்டின் பணியால்தான். ஆயினும், அது இடித்த வீடுகளின் அளவுக்கு ஏழையர்க்குப் புதிய வீடுகள் எழவில்லை என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920இல், பம்பாய் வளர்ச்சித் துறை தோற்றுவிக்கப்பட்டது. 50,000 தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டுவதாக அத்துறை அறிவித்தது. கட்டி முடித்தவை ஏறத்தாழ 16,500. வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் சாலை எனப்பட்ட இன்றைய என். எம். ஜோஷி மார்க்கில் 32, சிவ்ரியில் 12 என மொத்தம் 207 கட்டடங்கள். தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட ஒவ்வொரு கட்டடத்திலும் எண்பது அறைகள். ஓர் அறையின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர அடி. இவையே பி.டி.டி. சால்கள் என இன்றும் வழங்கப்படுபவை.

சுவர்கள் கண்ட வரலாறு

இச்சால்களிலும் இவற்றை ஒத்த பிற சால்களிலும் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், நாட்டு வரலாற்றின் பெரும்பகுதியே அங்குக் காணக் கிடைக்கும். கிர்காமில் உள்ள கேசவ்ஜி நாயக் சாலில் 1893இல் தொடங்கிய பொது விநாயகர் விழா இன்றும் தொடர்கிறது. பரேலில் மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சால் ஒன்றில்தான் அண்ணல் அம்பேத்கர் பல்லாண்டுகள் வாழ்ந்தார். மேல்நாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய பின்னும், தாதரில் ராஜகிருகம் எழும்வரை, அதுவே அவர் இல்லம். சட்டமறுப்பு இயக்க நாள்களில் வொர்லிச் சால்களில் சில தற்காலிகச் சிறைகளாயின. குடியிருக்கக் கட்டிய அறையில் விடுதலை வீரர்களைப் பூட்டி வைத்தனர்.

1974 ஜனவரியில் தலித் பாந்தர் இயக்கத்தின் கூட்டத்தையொட்டி வெடித்த கலவரம் அதே வொர்லிச் சால்களின் நடுவில்தான் நிகழ்ந்தது. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கி, இரண்டரை லட்சம் பேரளவில் ஈடுபட்ட பஞ்சாலை வேலைநிறுத்தத்தின் பசியையும் மன உறுதியையும் கண்டவை இத்தகைய தாழ்வாரங்களே. தொழிற்சங்கம், உடற்பயிற்சிக் கூடம், பஜனைக் குழு, நாடகக் குழு ஆகியவை வளர்ந்த களமும் இவையே. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் கல்வெட்டு இல்லை. முதியோர் நினைவும், சுவரும், முற்றமும் மட்டுமே சான்று.

மறுபக்க நியாயம்

இவ்வளவு பெருமை கூறுவதால், இவற்றை அப்படியே காத்து நிற்கச் செய்க என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. 160 சதுர அடியில் மூன்று தலைமுறைகள் வாழும் குடும்பத்திடம் சென்று வரலாற்றின் அருமையை உரைப்பது எளிது. கழிப்பிடத்திற்கு வரிசையில் நிற்பது அவர்கள். 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகைகளைப் பழைய நிலையிலேயே நிறுத்தியது. ஏழைக் குடியானவர் காப்பாற்றப்பட்டனர். உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். ஆகவே 1969இல் மாநில அரசு சட்டம் இயற்றி, தனி வரி விதித்து, தெற்கு மும்பையில் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பை வாரியம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அதுவும் போதவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜார் பகுதியில் நூறாண்டு கடந்த கட்டடம் ஒன்று இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் காப்பதே முதற்கடமை என்பதில் இருவேறு கருத்து இருக்க இயலாது.

பி.டி.டி. சால்களில் துறைமுக நிலத்தில் நிற்கும் சிவ்ரி நீங்கலாக, மற்ற மூன்று இடங்களிலும் மறுகட்டுமானப் பணிகள் 2017இலும் அதன் பின்னரும் தொடங்கப்பெற்றன. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதற்கட்டமாக 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடிப் புதுவீடுகள் வழங்கப்பட்டன. அக்குடும்பங்களின் மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கிறோம். நாம் கேட்பது வேறொன்று. மண் உறுதியையும் வடிகாலையும் மின்சாரத்தையும் ஆய்ந்த பின்னரே கட்டத் தொடங்கும் நாம், வரலாற்றை மட்டும் ஏன் ஆய்வதில்லை?

மதிப்பீடு என்பது யாது?

பழைமை மதிப்பீடு என்றவுடன், இடிக்கக் கூடாது என்னும் தடையாணை என்று பலரும் அஞ்சுகின்றனர். அது தவறான அச்சம். ஆஸ்திரேலிய நாட்டில் பர்ரா என்னும் ஊரில் 1979இல் அறிஞர்கள் வகுத்த சாசனம், ஓரிடத்தின் சிறப்பை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம் எனப் பல நோக்கில் அளந்த பின்னரே அதனை என் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும் என்றது. அளந்து அறிவது முதற்படி. முடிவு அதற்கு அடுத்த படி.

இவ்வளவுகோலைப் பி.டி.டி. சால்களின்மேல் வைத்துப் பார்ப்போம். அழகு நோக்கில் இவற்றிற்குப் பெருமதிப்பு இல்லை. சிக்கனமாகவும் இறுக்கமாகவும் கட்டிய பெட்டிகள் இவை. தொழில்நுட்ப நோக்கில் சற்று மதிப்புண்டு. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் பெருந்தொகுதியாக எழுந்த வீடுகளுள் இந்தியாவில் முற்பட்டவை இவை. நூறாண்டில் அக்கான்கிரீட் எவ்வாறு தேய்ந்தது என்பது பொறியியலார்க்கு ஒரு பாடம். வரலாற்று நோக்கிலும் சமூக நோக்கிலுமோ இவற்றின் மதிப்பு மிக உயர்ந்தது. இவ்வாறு அளந்தால், அனைத்தையும் காப்பதும் தேவையன்று, அனைத்தையும் அழிப்பதும் தகாது என்பது தானே விளங்கும். எல்லாவற்றையும் அளந்து வரைந்து பதிவு செய்து, ஒன்றிரண்டை முழுமையாகக் காத்து, முற்றமும் பொதுவெளியும் கூடிவாழும் முறையும் புதிய கட்டடங்களில் தொடருமாறு அமைப்பதே நடுநிலையான வழி. அளவாமல் விட்டால் எஞ்சுவது இரண்டே கட்சிகள்: முழுதும் காக்க என்பார் ஒருபுறம், முழுதும் இடிக்க என்பார் மறுபுறம்.

செய்முறையும் கடினமன்று. பழைய நில அளவைப் படங்களையும் நகராட்சிக் கோப்புகளையும் முதலில் ஆராய வேண்டும். அடுத்து, கட்டடத்தை அறை அறையாக அளந்து, நிழற்படம் எடுத்து, பிற்காலத்தில் சேர்த்தவற்றையும் குறிக்க வேண்டும். மூன்றாவதாக, அங்கு வாழும் முதியோரின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். குடும்பங்கள் இடைக்கால வீடுகளுக்குப் பிரிந்து சென்ற பின் இது இயலாது. இறுதியாக, அடித்தளம் தோண்டுமுன் சில இடங்களில் சோதனைக் குழிகள் இட்டு மண்ணடுக்கை நோக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் இருப்பது

ஆலைப்பகுதி மண்ணில் என்ன கிடைக்கும் என்று வினவுவோர்க்கு ஒரு செய்தி. 1931இல் பரேலிலிருந்து சிவ்ரிக்குச் சாலை அமைக்கத் தோண்டியபோது மாபெரும் சிவன் சிற்பம் ஒன்று வெளிப்பட்டது. ஒரே கல்லில், சிவன் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கங்களில் கிளைத்தும் எழும் அச்சிற்பம் கி.பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் அறிஞர். எலிபண்டாக் குகைகளோடு ஒப்பிட்டுப் பேசப்படும் இக்கலைச்செல்வம், இன்று பரேலின் பாராதேவி ஆலயத்தில் உள்ளது. இதனை எவரும் தேடிக் கண்டெடுக்கவில்லை. சாலைப் பணியாளரின் கடப்பாரைக்கு அது தப்பியது நற்பேறு. இன்றைய இயந்திரங்கள் ஒரு பகலில் தோண்டும் ஆழத்தை எண்ணினால், அத்தகைய நற்பேற்றையே என்றும் நம்பியிருத்தல் தகுமா?

இலண்டனில் 1989இல் அலுவலகக் கட்டடம் ஒன்றை இடித்துக் கட்டும் பணியின்போது, 1587இல் எழுந்த ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதனைக் காக்க மக்கள் பெரும் கிளர்ச்சி செய்தனர். கட்டுமான அனுமதி வழங்குமுன்னரே தொல்லியல் மதிப்பீடு செய்ய வழிவகுக்கும் அரசு நெறிமுறை மறு ஆண்டே, 1990இல், இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஆய்வுச் செலவைக் கட்டுவோரே ஏற்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியது.

சட்டத்தின் இடைவெளி

நம் நாட்டிலும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1958ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடையவற்றையே தொல்சின்னமாகக் கருதுகிறது. பி.டி.டி. சால்கள் நூறாண்டு நிறைவெய்தும் தறுவாயிலேயே இடிபடத் தொடங்கின. 1995இல் மும்பைக்கென வகுக்கப்பட்ட பழைமைக் கட்டடப் பாதுகாப்பு விதிகள் நாட்டிற்கே முன்னோடி. ஆயின் பட்டியலில் இடம்பெற்றவற்றையே அவை காக்கும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஆயிரமாயிரம் எளிய வீடுகளைக் குறித்துக் கேள்வி எழுவதில்லை. 2018இல் மும்பையின் கோதிக் மாளிகைகளையும் ஆர்ட் டெகோ கட்டடங்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது நாம் பெருமிதம் கொண்டோம். அம்மாளிகைகளுக்குச் செல்வம் ஈட்டித் தந்த உழைப்பாளரின் இல்லங்களுக்கும் அந்நகர வரலாற்றில் ஒரு பங்கு உண்டன்றோ?

2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும். அதனை ஒத்து, பழைய குடியிருப்புகளைத் தொகுதியாக இடிக்கும் எத்திட்டத்திற்கும் வரலாற்று, தொல்லியல் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக்குதல் வேண்டும். திட்ட வரைவு எழுதப்படும் காலத்திலேயே இதனைச் செய்தால் காலத்தாழ்வு நேராது. பணி தொடங்கிய பின் எழும் வழக்குகளும் குறையும்.

நம்மவர் கடமை

இவ்வினா தமிழர்க்கு அயலார் வினா அன்று. தாராவியின் மறுசீரமைப்பு தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலிலும் இரயிலிலும் வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழைத்து, சதுப்பு நிலத்தை ஊராக்கியவர்களுள் நம் முன்னோர் பலர். 1887இல் தோன்றியதாகக் கூறப்படும் பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த கணேசர் ஆலயமும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆளுநர் ஜான் ஹோர்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது என்று கல்வெட்டுக் கூறும் காலா கில்லா என்னும் சிறு கோட்டையும் அங்கே வீடுகளுக்கிடையே மறைந்து நிற்கிறது. ஆலயத்தையும் பள்ளிவாசலையும் கோட்டையையும் எவரேனும் நினைவு கூர்ந்து காக்கக் கூடும். முதன்முதல் வந்திறங்கியோர் வாழ்ந்த வீடு எது, எந்தச் சந்தில் எந்த ஊரார் குடியமர்ந்தனர், எந்தத் திண்ணையில் இரவுப் பள்ளி நடந்தது என்பவற்றை நாம் கூறாவிடில் கூறுவார் இலர்.

ஆகவே, அரசு சட்டம் இயற்றும்வரை காத்திராமல், சங்கங்கள் இப்பணியைக் கையிலெடுக்கலாம். ஒரு நிழற்படக் கருவியும், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், அளவு நாடாவும் ஏந்திய பத்து இளைஞர் போதும். அவர்கள் தெருத் தெருவாகச் சென்று முதியோரிடம் கேட்டு எழுதித் தொகுத்து, அதன் படி ஒன்றை நகராட்சியிடமும் மற்றொன்றைப் பல்கலைக்கழகத்திடமும் ஒப்படைக்கட்டும். புதிய மாடிகளில் குடியேறும் குழந்தைகள் வெயிலும் காற்றும் நிறைந்த அறைகளில் வளர்க. தம் பாட்டனார் எந்த அறையிலிருந்து ஆலைச் சங்கொலி கேட்டுப் புறப்பட்டார் என்பதையும் அறிந்து வளர்க.