எழுத்தில் ஒளிந்த பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடத்தை நேயர்களுள் சிலர் கண்டிருக்கலாம். வீட்டிலும் கடைத்தெருவிலும் மலையாளம் பேசிய மக்கள், அங்கே தலைமுறை தலைமுறையாக எபிரேய மொழியில் இறைவனைப் பாடி வந்தனர். மறைநூல் வாசகங்களோடு, வழிபாட்டிற்கென்றே புலவர்கள் இயற்றிய பாடல்களும் அங்கு ஒலித்தன. இத்தகைய பாடலைப் ‘பியூட்’ என்பர். கவிஞரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது.

இம்மரபின் முன்னோடிகளுள் ஒருவர் யன்னாய். ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவர். அந்நாட்டு யூதர் அக்காலத்தில் மோசேயின் ஐந்தாகமங்களை ஓய்வுநாள்தோறும் சிறிது சிறிதாக ஓதி, மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் நிறைவுசெய்வர். ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் ஏற்ப யன்னாய் பாடல் தொடுத்தார். அத்தொடரின் முதற்பாடல் எபிரேய நெடுங்கணக்கின் முதல் 12 எழுத்துக்களை வரிசையாகக் கொண்டு நடக்கும். அடுத்த பாடல் எஞ்சிய 10 எழுத்துக்களைக் கொள்ளும். மூன்றாம் பாடலின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் புலவரின் பெயர் வரும். ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைக்காப்பில் தம் பெயரை வெளிப்படையாகவே பாடினார். யன்னாயோ எழுத்துக்களில் ஒளித்துவைத்தார்.

பின்னர்ப் பாபிலோனிய யூதர் கைக்கொண்ட ஓராண்டு ஓதல்முறை எங்கும் பரவிற்று. பழைய முறைக்கென எழுந்த பாடல்களுக்கு வழிபாட்டில் இடமில்லாது போயிற்று. யன்னாயின் பாடல்களுள் மிகச் சிலவே வழக்கில் எஞ்சின.

இறைவன் திருப்பெயர் எழுதிய ஏட்டை யூதர் எறிந்துவிடுவதில்லை. பழுதுற்றாலும் தனியே சேமித்து வைப்பர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அவ்வாறு குவிந்திருந்த ஏடுகளைச் சாலமன் ஷெக்டர் 1897-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் சில தோலேடுகளில், பழைய கிரேக்க எழுத்தை அழித்து அதன்மேல் எபிரேயம் எழுதப்பட்டிருந்தது. அறிஞர் முதலில் நாடியது அடியில் மங்கிக் கிடந்த கிரேக்க விவிலிய மொழிபெயர்ப்பையே. மேலிருந்த எபிரேயப் பாடல்களை ஆராய்ந்த இஸ்ரேல் டேவிட்சன், முதலெழுத்துக்களில் யன்னாயின் பெயரைக் கண்டறிந்து 1919-இல் அவற்றை வெளியிட்டார். 1938-இல் மெனகெம் ஸூலாய் பெர்லினில் பெருந்தொகுப்பொன்றைப் பதிப்பித்தார். ஆயிரம் ஆண்டு மறதியினின்று ஒரு பெரும்புலவர் மீண்டார்.

கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, தம் பாடல்களையும் இசைமரபையும் உடன் கொண்டுசென்றனர். யன்னாயின் பாடல்களைக் காத்தவை ஏடுகள். கொச்சியாரின் பாட்டைக் காத்தது, ஊர் பெயர்ந்தும் பாடுவதை விடாத அம்மக்களின் நாவே.