பேண்டம் வெயிட்டும் சாவக்கட்டும்

இங்கே பையனை குத்துச்சண்டை வகுப்பில் சேர்த்திருக்கிறேன். போன வாரம் எடை பார்த்துவிட்டு கோச் "பேண்டம் வெயிட்" என்று எழுதினார். "அப்படின்னா என்னப்பா?" என்றான். "கோழிடா கண்ணு" என்றேன். நம்பவில்லை.

நிஜமாகவே கோழிதான். ஜாவா தீவின் மேற்கு ஓரத்தில் பான்டென் என்று ஒரு மிளகுத் துறைமுகம். ஆங்கிலேயர் வாயில் அது பேண்டம். கிழக்கிந்திய கம்பெனியின் முதல் கப்பல்கள் 1602 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தன; கிடங்கும் போட்டார்கள். (நம்ம சென்னைக் கோட்டையே ஆரம்பத்தில் அந்தக் கிடங்குக்குக் கீழ்தான்!) 1682ல் டச்சுக்காரர்கள் கை ஓங்க, இவர்கள் மூட்டை கட்டினார்கள். ஊர் போனது, பெயர் மட்டும் குட்டைக் கோழிகளோடு ஒட்டிக்கொண்டது. உருவம் சிறுசு, ரோஷம் பெருசு. அப்புறம் அதே மாதிரி மனுஷனுக்கும் அந்தப் பெயர்.

19ம் நூற்றாண்டின் கடைசியில் அது குத்துச்சண்டை மேடை ஏறியது. 1909ல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எடைப் பிரிவுகளை வரையறுத்தபோது பேண்டமின் எல்லை 118 பவுண்டு, சுமார் 53.5 கிலோ. தொழில்முறைக் குத்துச்சண்டையில் இன்றும் அதேதான். எம்.எம்.ஏ.வில் 135 பவுண்டு. டிங்கோ சிங் 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியது 54 கிலோ பேண்டம் பிரிவில்.

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை. அப்பாரு சின்ன வயசில் பொள்ளாச்சிப் பக்கம் சாவக்கட்டுக்குப் போவார். (1960 சட்டப்படி அது குற்றம், நான் நியாயப்படுத்தவில்லை.) ரெண்டு சாவலையும் ரெண்டு கையில் தூக்கிப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பாராம். சமமில்லை என்றால் விடவே மாட்டாராம். தராசு கிடையாது, கைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரெண்டு நாளாகப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ரெண்டு கிலோ இறக்கினால் கீழ்ப் பிரிவில் சுலபமாக ஜெயிக்கலாமாம்! 1997ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கப் போய் செத்தே போனார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் இரவெல்லாம் பாடுபட்டும், காலையில் 100 கிராம் அதிகம் என்று இறுதிப் போட்டியே பறிபோனது.

சின்னவன் பெரியவனிடம் அடிபடக் கூடாது என்று வந்த ஏற்பாடு இது. நாம் அதையே வைத்துச் சின்னப் பிள்ளைகளை வாட்டுகிறோம்.

"அப்பாரு எந்தச் சாவலையும் பட்டினி போட்டு ஜோடி சேர்த்ததில்லைடா" என்று சொல்லி ஒரு சொம்பு மோர் நீட்டினேன். முறைத்தான். அப்புறம் குடித்தான்.