கழுகு போட்ட க்யூவும் ராம்போவின் ரம்பமும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது வரலாற்றுப் பதிவு. ஆனா ஆரம்பம் என்னவோ என்னோட எண்பது டாலர் நஷ்டம்தான். ரம்பம் போடறேன்னு ஓடிடாதீங்க, ரம்பத்துக்கு இதுல முக்கியமான வேலை இருக்கு :-)

ஆன்சைட்டுன்னு சிகாகோ பக்கம் அனுப்பி வச்சாங்க. வெள்ளிக்கிழமை ஆணி புடுங்கி முடிச்சதும் டீம்ல நாலு பேரா சேர்ந்து பக்கத்துல ஒரு பூல் ஹாலுக்குப் போறது வழக்கம். சுவத்துல வரிசையா பொதுக் க்யூ சாத்தி வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொண்ணு கையில வரும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. சரி, சொந்தமா ஒண்ணு வாங்கினா நாமளும் பெரிய ஆட்டக்காரன் ஆயிடலாம்னு ஒரு கடையில பளபளன்னு கறுப்புல, கைப்பிடி பூரா கழுகு படம் போட்ட க்யூ வாங்கிட்டேன். எண்பது டாலர், பை இலவசம். "குச்சிக்கு எண்பது டாலரா?"ன்னு தங்கமணி கேட்டதுக்கு, "இது குச்சி இல்லம்மா, கருவி"ன்னு டயலாக் வேற.

மூணாவது வாரம். கடைசி எட்டாம் நம்பர் பந்து பாக்கெட் வாயில உக்காந்திருக்கு. ஊதினா விழுந்துடும். அடிச்சேன். டிப் கழண்டு பறந்துச்சு. வெள்ளைப் பந்து சைடுல எங்கயோ போச்சு, எட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு. டீம் பசங்க சிரிச்ச சிரிப்பு திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் மீட்டிங் வரைக்கும் ஓடுச்சு.

பக்கத்து டேபிள்ல எழுபது வயசு இருக்கும், ஒரு பெரியவர். அவர் மட்டும் சிரிக்கல. என் க்யூவை வாங்கி, துப்பாக்கி பாக்கற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கிட்டு நுனி வரைக்கும் பார்த்தார். டேபிள் மேல உருட்டினார், நொண்டி நொண்டி ஓடுச்சு. "தம்பி, இது க்யூ இல்ல, காலண்டர்"னாரு (அவர் சொன்னது இங்கிலீஷ்ல, நம்ம பாஷைல இப்படித்தான் வரும்). அவரோட க்யூவைக் காட்டினார். படம் கிடம் ஒண்ணும் கிடையாது. சுவத்துல சாத்தி வச்ச மாதிரி ஒண்ணை ரெண்டா அறுத்து, நடுவுல மறை போட்டது. "இந்த ஊர்ல ராம்போன்னு ஒருத்தர் இருந்தார், போய்ப் படி"ன்னு சொல்லிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிட்டார்.

படிச்சேன். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. ராம்போவுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும், பொறுத்துக்கோங்க.

பில்லியர்ட்ஸ் முதல்ல புல்தரையில ஆடின ஆட்டம். பிரெஞ்சு ராஜா பதினோராம் லூயி 1470கள்லயே டேபிள் வச்சிருந்தார். புல்தரை ஞாபகமாத்தான் துணி இன்னும் பச்சையா இருக்கு. அப்ப கையில இருந்தது க்யூ இல்ல, மேஸ். நீளக் குச்சி, முனையில சின்னச் செருப்பு மாதிரி ஒரு மரக்கட்டை. அதை வச்சு பந்தைத் தள்ளணும், அவ்வளவுதான். பந்து குஷனை ஒட்டி நின்னுட்டா அந்தக் கட்டை இடிக்கும். அதனால குச்சியைத் திருப்பி, பின்னாடி இருக்கற மெல்லிசான வாலால குத்தினாங்க. வாலுக்கு பிரெஞ்சுல க்யூன்னு பேரு. ஆக, நம்ம கையில இருக்கற மொத்தக் கருவியும் ஒரு குச்சியோட வால்தான். பின்பக்கம் முன்பக்கம் ஆயிடுச்சு.

ஆனா வெறும் மரமுனையால பந்தோட நடுவுல குத்தினாதான் ஒழுங்கா போகும். கொஞ்சம் ஓரத்துல பட்டா வழுக்கிடும். இதை மாத்தினவர் பிரான்ஸுவா மேங்கோ. பிரெஞ்சு ராணுவத்துல கேப்டன், அரசியல் கைதியா பாரிஸ்ல உள்ள இருந்தவர். ஜெயில்ல ஒரு பில்லியர்ட்ஸ் டேபிள் இருந்துச்சாம் (நம்ம ஊர்ல கேரம் போர்டாவது குடுக்கறாங்களா தெரியல). மனுஷன் க்யூ முனையில தோலை ஒட்டிப் பார்த்திருக்கார். தோல் பந்தைப் பிடிச்சுது. கீழ அடிச்சா பந்து திரும்பி வருது, மேல அடிச்சா தொடர்ந்து ஓடுது. விடுதலை தேதி வந்தப்ப, பயிற்சி முடியல, இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கறேன்னு கேட்டாராம். இது கதை, நம்பறது உங்க இஷ்டம். 1827ல பாரிஸ்ல அவர் போட்ட புத்தகம் மட்டும் நிஜம். அதை லண்டன்ல டேபிள் செஞ்சு வித்த ஜான் தர்ஸ்டன் 1830ல இங்கிலீஷ்ல போட்டார்.

இதைப் படிச்சப்பதான் எனக்கு முதல் அறை விழுந்துச்சு. ஐந்நூறு வருஷ ஆட்டத்துல உண்மையான புரட்சின்னா அது ஒரு பட்டன் அளவு தோல். பந்தைத் தொடறது க்யூவுல அது ஒண்ணுதான். நான் எண்பது டாலர் குடுத்து வாங்கினதுல மட்டமான பொருள் எதுன்னா, அதே தோல்தான். அழுத்தின அட்டை மாதிரி எதையோ ஒட்டி அனுப்பியிருந்தாங்க. கழுகுக்கு செலவு பண்ண காசு டிப்புக்கு வரும்போது தீர்ந்துடுச்சு போல.

தோலுக்கு அப்புறம் சாக். பாத் நகரத்துல ஜாக் கார்னு ஒரு பில்லியர்ட்ஸ் மார்க்கர், 'சுழற்றும் பொடி'ன்னு பேர் வச்சு சாதாரண சாக்பீஸ் தூளை டப்பாவுல அடைச்சு வித்தாராம். மார்க்கெட்டிங்னா அது! இன்னைக்கு நாம தேய்க்கற நீலக் கட்டி சாக்பீஸே இல்ல. சிலிக்காவும் கரகரப்பான தாதுத் தூளும் சேர்ந்த கலவை. வில்லியம் ஸ்பிங்க்ஸ்னு ஒரு ஆட்டக்காரரும், வில்லியம் ஹாஸ்கின்ஸ்னு சிகாகோ கெமிஸ்டும் சேர்ந்து 1897ல பேடண்ட் வாங்கினாங்க. இதே ஹாஸ்கின்ஸோட கூட்டாளி ஆல்பர்ட் மார்ஷ் கண்டுபிடிச்சதுதான் நிக்ரோம் கம்பி. காலையில பிரெட் டோஸ்ட் பண்றப்ப உள்ள சிவக்குதே, அது. சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம விட மனசு வரல.

இப்ப ராம்போ.

பிரன்ஸ்விக் அமெரிக்காவோட பெரிய பில்லியர்ட்ஸ் கம்பெனி, 1845ல சின்சினாட்டியில ஆரம்பிச்சது. ஹால் ஹாலுக்கு டேபிள் வித்து, கூடவே சுவத்துல சாத்த க்யூவும் செஞ்சாங்க. அதுல டைட்லிஸ்ட்டுன்னு ஒரு வகை, ஒரே நீளக் குச்சி. கைப்பிடிப் பக்கம் கனமான கறுப்பு மரம், முன்பக்கம் மேப்பிள். ரெண்டையும் சும்மா ஒட்டாம, நாலு கூர்மையான பல்லு மாதிரி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி இருப்பாங்க. அந்த நாலு முனையும் அழகுக்கு இல்ல, மூட்டு பலத்துக்கு. நம்ம ஊர் ஆசாரி நிலைக்கதவுல கழுந்து செருகறாரே, கிட்டத்தட்ட அதே புத்தி. இப்ப மலிவு க்யூவுல அதே நாலு முனையை ஸ்டிக்கரா ஒட்டித் தராங்க. பலத்துக்குப் போட்டது டிசைன் ஆயிடுச்சு.

ஹெர்மன் ராம்போ சிகாகோக்காரர், பிரன்ஸ்விக்ல வேலை பார்த்தவர், அப்புறம் தனியா க்யூ செஞ்சார். வில்லி ஹாப், வில்லி மொஸ்கோனி மாதிரி ஜாம்பவான்கள் அவர்கிட்ட செஞ்சு வாங்கினாங்க. 1954ல ஒரு தடவை கூடத் தவறாம வரிசையா 526 பந்து போட்ட மொஸ்கோனியேதான். ராம்போ எப்படி செஞ்சார்? பல க்யூவுக்கு அவர் எடுத்த கச்சாப்பொருள் சுவத்துல சாத்தற அதே டைட்லிஸ்ட். ரம்பத்தை எடுத்து அறுத்துடுவார். கைப்பிடிப் பக்கம் அப்படியே இருக்கும். மறை போட்டு, முன்பக்கத்துக்கு நல்ல மேப்பிள்ல ஷாஃப்ட் கடைஞ்சு பொருத்துவார். 1967ல இறந்து போனார்.

நியூயார்க்ல ஜார்ஜ் பலபுஷ்கா. 1912ல ரஷ்யாவுல பிறந்து, 1924ல அமெரிக்கா வந்து, மரவேலை பார்த்தவர். 1959ல நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசா க்யூ செஞ்சு குடுக்க ஆரம்பிச்சார். அவரும் முதல் பல வருஷம் எடுத்தது டைட்லிஸ்ட் கைப்பிடிகளைத்தான். பிற்பாடு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சம்போட்டி செஞ்சு குடுத்த கட்டைகளை எடுத்தார். 1975ல இறக்கற வரைக்கும் சுமார் ஆயிரத்துச் சொச்சம் க்யூதான் செஞ்சிருப்பார்னு கணக்கு. இன்னைக்கு ஒண்ணு கிடைச்சா பல ஆயிரம் டாலர். ஆடறதுக்கு யாரும் வாங்கறதில்ல, கண்ணாடிப் பெட்டியில வைக்கத்தான்.

இந்த இடத்துல கொஞ்சம் உக்காந்து யோசிச்சேன். பரிசா குடுக்க, நண்பன் கையில ஆட, வாரா வாரம் சாக் படியணும்னு செஞ்ச பொருள் அது. நல்ல ரோஜாச் செடியை லாக்கர்ல வச்ச மாதிரி இருக்கு எனக்கு.

அந்த விலைக்கு ஒரு காரணம் சினிமா. 1986ல ஸ்கார்சேஸியோட 'தி கலர் ஆஃப் மணி'. பால் நியூமன் டாம் க்ரூஸ்கிட்ட ஒரு பலபுஷ்காவைக் குடுப்பார், தியேட்டரே வாயைப் பிளக்கும். நிஜத்துல அது பலபுஷ்காவே இல்ல, அதே சாயல்ல ஜாஸ் கம்பெனி செஞ்ச க்யூ. ஒரிஜினலை ஷூட்டிங்ல சுத்தி உடைச்சுட்டா யார் பதில் சொல்றது? ஆனா படம் வந்த சூட்டுல அமெரிக்கா பூரா திரும்பவும் பூல் பைத்தியம் பிடிச்சுது. எல்லாருக்கும் பையில வச்சு சுத்தற க்யூ வேணும். கடைகள்ல படம் போட்ட க்யூ குவிஞ்சுது. என் கழுகோட பூர்வீகம் அங்கதான்னு நினைக்கறேன்.

இறக்குமதின்னாலே மட்டம்னு சொல்லிட முடியாது. ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர்னு ஒரு அமெரிக்கர் ஜப்பானுக்குப் போய் ஆடம் க்யூக்களைத் தொடங்கினார். சாதாரண ஆளு வாங்கற விலையில ஒழுங்கான க்யூ அங்கேருந்து வந்துச்சு. அவரேதான் பிற்பாடு கால்ஃபுக்குப் போய் காலவே கம்பெனியில 1991ல பிக் பெர்த்தா மட்டையை டிசைன் பண்ணவர்.

அடுத்த பெரிய மாற்றமும் முனையிலதான் நடந்துச்சு. பந்தோட ஓரத்துல அடிச்சு ஸ்பின் குடுத்தா, பந்து குறி வச்ச கோட்டுல போகாம எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகும். டிப்பும் பந்தும் தொட்டுக்கற நேரம் ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு செகண்ட். அதுக்குள்ள க்யூவோட பின்பக்கத்துக்கு சேதியே போய்ச் சேராது. முன்னாடி இருக்கற சில அங்குலத்தோட எடைதான் விலகலை முடிவு பண்ணும். 1994ல வந்த பிரிடேட்டர் இந்த இடத்தைக் குடைஞ்சு எடை குறைச்சு, மேப்பிளை நீளத் துண்டுகளா வெட்டி ஒட்டி ஷாஃப்ட் செஞ்சாங்க. 2016ல கார்பன் ஃபைபருக்கும் வந்தாச்சு. இதெல்லாம் ஷாஃப்ட் மட்டுமே என் பட்ஜெட்டைத் தாண்டும். மொஸ்கோனிக்கு இது ஒண்ணும் இல்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒரே க்யூவை விடாம ஆடினா, அது எவ்வளவு விலகும்னு கை தானே கத்துக்குது.

ஆக நூறு டாலர் பட்ஜெட்ல திரும்பப் போனப்ப நான் பார்த்தது, பெரியவர் பார்த்த அதே விஷயங்கள். கைப்பிடியைப் பார்க்கவே இல்ல. ஷாஃப்ட் மேப்பிளா, கண்ணை மூடிப் பார்த்தா நேரா இருக்கான்னு பார்த்தேன். முழுசா ஒரு தடவை உருட்டி, கழட்டி ரெண்டையும் தனித்தனியா உருட்டினேன். தனியா நேரா ஓடி, சேர்த்தா நொண்டினா கோளாறு ஜாயிண்ட்ல. டிப் 13 மில்லிமீட்டர் சுமாருக்கு, எடை 19 அவுன்ஸ். விதிப்படி 25 வரைக்கும் போகலாம், ஆனா கனமா இருந்தா ஜோரா போகும்ங்கறது புதுசா ஆடறவங்க நினைப்பு. டிப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்கற வெள்ளை வளையத்துல விரிசல் இருக்கான்னு நகத்தால தடவிப் பார்த்தேன்.

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம கிளப்புகள்ல பாதி ஸ்னூக்கர்தான். அதுக்கு நமக்கு உரிமையும் உண்டு. 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்ங்கற ராணுவ அதிகாரி (பிரதமர் இல்லீங்க, வேற ஆளு) தொடங்கி, 1882ல ஊட்டி கிளப்லதான் விதிகளை எழுதி மாட்டினாங்க. ஆனா ஸ்னூக்கர் க்யூ ஆஷ் மரம், டிப் ஒன்பது பத்து மில்லிமீட்டர். அதை வச்சு கனமான பூல் பந்தை ஓங்கி உடைச்சா வளையம் பிளந்துடும். ஒரே குச்சியில ரெண்டையும் முடிச்சுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க.

கடைசியா வாங்கினது, யாரோ ஆடி வித்த பழைய ரெண்டு துண்டு மேப்பிள் க்யூ. அறுபது டாலர். படம் இல்ல, வார்னிஷ் கூட ரெண்டு இடத்துல போயிருக்கு. ஷாஃப்ட் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி. டிப் மாத்த பதினஞ்சு. கார் டிக்கியில மட்டும் போடாதேன்னு பெரியவர் எச்சரிக்கை, சிகாகோ வெயிலும் குளிரும் மரத்தை வளைச்சிடுமாம். அதனால பீரோ மூலையில தங்கமணியோட பட்டுப்புடவைக்குப் பக்கத்துல இருக்கு.

போன வெள்ளிக்கிழமை பெரியவர்கிட்ட 7-5ல தோத்தேன். டிப் கழண்டு விழல.

டிஸ்கி: கழுகு க்யூ எங்கன்னு கேக்கறவங்களுக்கு, பாத்ரூம் ஜன்னல் ஸ்க்ரீன் அதுலதான் தொங்குது. லேசா வளைஞ்சிருக்கறதால ஸ்க்ரீன் எப்பவும் நடுவுக்கே வந்து நிக்குது.