கரிசலில் சாலை: குருவிகுளம் வட்டாரத்தில் மண்ணும் எந்திரமும்

குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை எனத் தொடரும் கரிசல் பரப்பில் நிரந்தரச் சதுப்பு நிலம் கிடையாது. கோடையில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும் வெடிப்புகளோடு கிடக்கும் பூமி இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் ஊறினால் இதே மண் உளையாகி, வண்டிச் சக்கரத்தை அச்சு வரை விழுங்கும். இந்தப் பருவச் சதுப்பின்மேல் சாலை போடும் முயற்சி எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்திரத்தின் எடைக்குக் கரிசல் ஒருபோதும் பணியவில்லை. மண்ணுக்குள் நீர் போய்வருவதைக் கட்டுப்படுத்திய இடங்களில்தான் சாலை நின்றது என்பது என் முடிவு.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861-65) லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகம் போனது. அப்படியிருந்தும் கரிசல் ஊர்களுக்கு மழைக்காலச் சாலை ஏன் வரவில்லை? விடை வேளாண் நாட்காட்டியில் இருக்கிறது. இங்கே பருத்தி விதைப்பு ஐப்பசியில். வெடிப்பது மாசிக்குப் பிறகு. பொதி ஏறும் காலத்தில் கரிசல் காய்ந்து இறுகி, தானே நல்ல வண்டிப்பாதையாகிவிடும். வியாபாரிக்கு அது போதுமானதாக இருந்தது. 1876இல் மதுரை-தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாகத் திறக்கப்பட்டதும், 1927இல் விருதுநகர்-தென்காசிப் பாதை சங்கரன்கோவிலைத் தொட்டதும் மழைக்காலச் சாலையின் தேவையை இன்னும் சுருக்கின. கார்த்திகையில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் தேவை எந்த வரவு-செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

சாலைக்கான கனரக எந்திரத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கல்கத்தாவுக்காக 1863இல் வில்லியம் கிளார்க்கும் பாத்தோவும் வடிவமைத்தது உலகின் தொடக்ககால நீராவி ரோலர்களில் ஒன்று. பின்னாளில் எட்டு முதல் பத்து டன் எடையுள்ள மூன்று சக்கர ரோலர் நாடெங்கும் பரவி, கப்பிச் சாலையின் அடையாளமாயிற்று. ஜெயகர் குழு (1927), இந்தியச் சாலைப் பேராயம் (1934), நாகபுரித் திட்டம் (1943) என்று கொள்கை வளர்ந்தபோது சாலையின் நீளத்துக்கு இலக்கு வைத்தார்கள். கரிசல் கேட்டதோ வேறு. ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டினால், அடுத்த மழையில் ஜல்லி கீழே இறங்கும், களி மேலே பிதுங்கும். மீண்டும் ஜல்லி, மீண்டும் ரோலர். இங்கிலாந்தின் சாட் மாஸ் சதுப்பில் 1820களின் இறுதியில் ரயில் பாதை போட்ட ஜார்ஜ் ஸ்டீபன்சன், புதர்ச்செடிகளாலும் மிலாறுகளாலும் பின்னிய தட்டிகளை அடுக்கி, பாதையைச் சேற்றின்மேல் மிதக்கவிட்டார். கரிசலில் அந்த உத்தி எடுபடாது. சாட் மாஸ் எப்போதும் ஈரம். கரிசல் ஆண்டுதோறும் ஊதிச் சுருங்குவது.

காரணம் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிக்கனிமம். அதன் நுண்ணிய ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து ஏடுகளை விலக்குகிறது. காய்ந்தால் ஏடுகள் நெருங்குகின்றன. இதை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, இரண்டு அளவுக்குழாய்களில் இட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெயில் மண் அப்படியே கிடக்கும், தண்ணீரில் மேலேறியிருக்கும். மண்ணெண்ணெயில் உள்ள கன அளவைவிடத் தண்ணீரில் ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், அந்த மண்மேல் நேரடியாகச் சாலை போடுவது வீண்.

இன்னொரு உண்மை எந்திரப் பெருமைக்கே குட்டு வைப்பது. 1933இல் பொறியாளர் பிராக்டர் வகுத்த முறைப்படி, சரியான ஈரத்தில் இறுக்கினால் மண் வலுப்பெறும். ஆனால் கரிசலைக் காய்ந்த நிலையில் கனத்த ரோலரால் அளவுக்கு மீறி இறுக்கினால், நீர் பட்டதும் அது கூடுதலாக ஊதும். சற்றுக் கூடுதல் ஈரத்தில், மிதமாக இறுக்குவதே இதற்கு ஏற்ற வழி. பெரிய வண்டி கொண்டுவந்தால் வேலை சுத்தம் என்று நம்பும் ஒப்பந்ததாரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல.

1952இல் டெல்லியில் தொடங்கிய மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகளின் ஆய்வுகளால் இரண்டு வழிகள் நிலைபெற்றன. ஒன்று, கரிசலின்மேல் அரை மீட்டருக்குக் குறையாமல் ஊதாத மண்ணைக் கொட்டி மேடாக்குவது. மற்றது, நீற்றிய சுண்ணாம்பை மண்ணின் எடையில் மூன்று முதல் ஆறு விழுக்காடு வரை கலப்பது. சுண்ணாம்பு சேர்ந்ததும் களியின் பிசுபிசுப்பு போய், மண் உதிரியாகிறது. கரிசலுக்கடியில் கிடக்கும் சுக்கான் கல்லிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் சுட்டு நீற்றாதவரை அது இந்த வேலையைச் செய்யாது. கலப்பதற்குப் பெரிய எந்திரமும் வேண்டியதில்லை. உழவுக்கு ஓடும் டிராக்டரும் ரொட்டவேட்டருமே சிற்றூர்ச் சாலைக்குப் போதும்.

2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் சிற்றூர்களுக்குத் தார் கொண்டுவந்தது. ஜேசிபியும் டிப்பரும் அதிர்வு ரோலரும் வந்தன. மாதக்கணக்கான மண் வேலை நாள்கணக்கில் முடிந்தது. எந்திரத்தின் உண்மையான பயன் அந்த வேகம்தான். அதே சாலைகளில் இப்போது காற்றாலைத் தளவாடங்களும் எம்-சாண்ட் லாரிகளும் ஓடுகின்றன. தார் விளிம்பில் நீளவாக்கில் வெடிப்பு விழுகிறது. ஓரத்துச் சீமைக்கருவேல மரங்களும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அந்த வெடிப்பை விரைவுபடுத்துகின்றன. அதன்வழி முதல் மழை உள்ளே இறங்குகிறது.

எனவே, கரிசல் ஊராட்சிகளில் தார் மேல்பூச்சுக்குத் திரும்பத் திரும்பப் பணம் ஒதுக்குவது வீண்செலவு. மதிப்பீடு தயாரிக்கும்போதே மண் சோதனை முடிவு, சுண்ணாம்புக் கலவை, இருபுறமும் வடிகால் ஓடை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று கிராம சபையில் மக்கள் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும்.