சோழிகளில் எண்ணிய கிரகணம்

1825ஆம் ஆண்டு சென்னையில் அச்சேறிய ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் ஜான் வாரன் ஓர் அரிய செய்தியைப் பதிந்துள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத்தின் துணைகொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்தில் அது 52 நிமிடமானதையும் மறைக்க வேண்டியதில்லை.

வேண்டிய எண்களெல்லாம் அவர் நாவில் இருந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் என வகுத்து, பொருள் தரும் வடமொழித் தொடர்களாகக் கோத்த ‘வாக்கியங்கள்’ அவை. சந்திரனுக்கு நாளுக்கொன்றாக 248. எண்ணைச் சொல்லாக்கிய அவர்களோடு, கவிஞர்களாகிய நாம் உறவு கொண்டாடலாம்.

இம்முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ என்னும் நூலைக் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்தனர். விதிகள் ஏட்டில் நின்றன. சோழியை வைத்தெடுக்கும் கைப்பழக்கமோ ஆளோடு போவது. ஆதலின் சுவடி திரட்டச் செல்வோர், அவ்வீட்டு முதியவரின் கணக்கு முறையையும் கேட்டெழுதுதல் வேண்டும். வாரன் அதைச் செய்தார். அக்குறிப்பைக் கொண்டுதான் 1952இல் ஓட்டோ நாய்கெபாவர், தமிழகத்துக் கணிப்பில் பாபிலோனிய மரபின் சாயலை எடுத்துக்காட்டினார்.