வெனிஸ் - கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த நகரம்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களின் பட்டியலில் வெனிஸ் தவறாமல் இருக்கும். படகு, பாலம், முகமூடி என்று சினிமாவில் எல்லோரும் பார்த்த ஊர்தான். ஆனால் வணிகவியல் படிக்கிற எங்களுக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமான ஊர். முதலாண்டில் நாங்கள் போடும் குறிப்பேடு, பேரேடு, பற்று, வரவு எல்லாம் முதன்முதலில் அச்சேறியது அங்கேதான். முதல் தடவை தனியாகப் போய் இறங்குகிறவர் முதல் மூன்று நாட்களில் என்ன பார்க்கலாம் என்று அந்தக் கோணத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதல் நாள்: வழி தவறுங்கள்

ரயில் சுமார் 3.5 கிலோமீட்டர் தூரம் காயலின் மேல் ஓடி ஊருக்குள் நுழையும். இந்த ரயில் பாலம் 1846-ல்தான் வந்தது. அதற்கு முன் வெனிசுக்குப் போக ஒரே வழி படகு. வயல் கிடையாது, கோட்டை மதில் கிடையாது, குடிக்க ஆறு கிடையாது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெரிய அதிகாரியாக இருந்த காசியோடோரஸ் இந்தக் காயல்வாசிகளைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் மாடு கட்டுவதுபோல் இவர்கள் படகைக் கட்டிவைத்திருக்கிறார்கள், உப்புதான் இவர்களுக்குச் செல்வம் என்கிறார். விளைச்சல் இல்லாத இடத்தில் உப்பையும் மீனையும் விற்றுத்தான் சோறு தின்ன வேண்டும். வெனிஸ் வியாபார ஊர் ஆனதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஊருக்குள் வீட்டு எண்களை நம்பாதீர்கள். தெருவுக்குத் தெரு எண் கிடையாது. ஆறு வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் தொடர்ந்து போகும். மூலைகளில் 'பெர் ரியால்டோ', அதாவது ரியால்டோவுக்கு, என்று மஞ்சள் பலகை இருக்கும். அது போதும். ஜெர்மன் கவிஞர் கதே 1786 செப்டம்பர் 28-ல் வேலையிலிருந்து தப்பித்து, பெயரை மாற்றிக்கொண்டு, தனியாக இங்கே வந்து சேர்ந்தார். வந்ததுமே வழிகாட்டி யாரும் இல்லாமல், திசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சந்துகளில் புகுந்து நடந்தார். இன்றைக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

இரண்டாம் நாள்: ரியால்டோ

எல்லோரும் ரியால்டோ பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். 1591-ல் முடிந்த இந்தக் கல் பாலமும், அதற்கு முன் இதே இடத்தில் இருந்த மரப் பாலங்களும்தான் 1854 வரை பெரிய கால்வாயைக் கடக்க இருந்த ஒரே பாலம். நீங்கள் பாலத்தைத் தாண்டி மார்க்கெட் பக்கம் இறங்குங்கள். அங்கே சான் ஜாகோமோ என்ற சின்ன தேவாலயம் இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் பழைய லத்தீன் கல்வெட்டு ஒன்று. இந்தக் கோயிலைச் சுற்றி வியாபாரிகளின் நடைமுறை நியாயமாக இருக்கட்டும், எடை சரியாக இருக்கட்டும், ஒப்பந்தத்தில் வஞ்சகம் வேண்டாம் என்பது அதன் கருத்து. கடவுளையே தணிக்கையாளராக நிறுத்தியிருக்கிறார்கள்!

அந்தத் தேவாலயத்தின் முன்னால்தான் வங்கிக்காரர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பணம் கைமாற வேண்டாம். வாங்குபவரும் விற்பவரும் வந்து சொன்னால் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றி எழுதிவிடுவார்கள்.

இந்த எழுத்து வேலையைத்தான் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494-ல் வெனிசில் அச்சான தன் கணித நூலின் ஒரு பகுதியில் விவரித்தார். 'இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் பச்சோலி' என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம், அது சரியல்ல. வெனிஸ் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறேன் என்று அவரே சொல்கிறார். ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுப் பேரேடே இரட்டைப் பதிவில்தான் இருக்கிறது. ஆனால் அச்சு இயந்திரம் அப்போது வெனிசில் இருந்தது, அதனால் முறை ஊரெல்லாம் பரவியது. நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று புத்தகம். பற்றுக்கு முன்னால் 'பெர்', வரவுக்கு முன்னால் 'ஆ', நடுவில் இரண்டு சாய்கோடு. தெருப்பலகையில் பார்த்த அதே 'பெர்'தான்.

அந்தப் புத்தகங்களில் ஏறிய சரக்குகளில் முக்கியமானது மலபார் மிளகு. அரபிக் கடல், செங்கடல் வழியாக அலெக்சாண்ட்ரியா வந்து, அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஏறியது. 1501-ல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் மிளகோடு லிஸ்பன் வந்த செய்தி கிடைத்தபோது, ஜிரோலமோ பிரியுலி என்ற வெனிஸ்காரர் குடியரசுக்கு இதைவிடக் கெட்ட செய்தி இல்லை என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உடனே எல்லாம் போய்விடவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிசின் மிளகு வியாபாரம் மறுபடி தலைதூக்கியது. ஆனால் ஏகபோகம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள்: கெட்டோ

சான் மார்க்கோ சதுக்கத்தைக் காலையில் கூட்டம் வருமுன் பார்த்துவிட்டு வடக்கே கன்னரேஜோ வட்டாரத்துக்கு நடங்கள். 1516 மார்ச் 29-ல் வெனிஸ் அரசு நகரத்து யூதர்களை ஒரு பழைய வார்ப்பட ஆலை இருந்த தீவில் குடியேற்றியது. ஆலையைக் குறித்த உள்ளூர்ச் சொல்லிலிருந்துதான் 'கெட்டோ' என்ற சொல் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. இரவில் கதவைப் பூட்டினார்கள், காவலுக்கான செலவையும் உள்ளே இருப்பவர்கள் தலையிலேயே கட்டினார்கள். ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகுக் கடன் கொடுக்க அவர்கள் வேண்டும், பக்கத்து வீட்டில் குடியிருக்க மட்டும் வேண்டாம். இடம் போதாமல் வீடுகள் மேலே மேலே உயர்ந்தன. தாழ்ந்த கூரையோடு அடுக்கடுக்காக நிற்பதை இன்றும் பார்க்கலாம். 1797-ல் குடியரசு வீழ்ந்து நெப்போலியன் படை வந்த பிறகுதான் கதவுகள் போயின. எடை சரியாக இருக்கட்டும் என்று கல்லில் வெட்டிய ஊர் இதையும் செய்தது என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்றைய இருப்புநிலை

சரி, இன்றைய கணக்கு என்ன? 1951-ல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் விடுதிகளாகின்றன. ரியால்டோ அருகே ஜெர்மன் வியாபாரிகள் தங்கிய பெரிய கட்டடம் பிறகு தபால் அலுவலகமாகி, 2016-ல் ஆடம்பரக் கடையானது. 2025-ல் அந்தக் கடையும் மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள்.

பயணிகள் தரும் வரவு உடனே கணக்கில் ஏறிவிடும். மூடிப்போன மளிகைக்கடைக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கும் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதுவதில்லை. இதை யாரோ உணர்ந்திருக்க வேண்டும். 2008-ல் ரியால்டோ பக்கத்து மருந்துக்கடை ஒன்றின் ஜன்னலில், ஊரில் மிச்சமிருக்கும் மக்கள் எத்தனை பேர் என்று காட்டும் மின்பலகையை வைத்தார்கள்.

போகிறவர்கள் காலையில் வந்து மாலையில் ஓடாமல் இரண்டு இரவாவது தங்குங்கள். மார்க்கெட்டில் பழம் வாங்குங்கள். அந்த ஜன்னல் பக்கம் போய் எண்ணையும் ஒருமுறை பாருங்கள்.