கிறிஸ்து பிறப்பு விழாவும் நாம் கொடுக்கும் பரிசுகளும்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டாலே அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தைச் சுற்றியும், ஆவடி மார்க்கெட்டிலும், பூவிருந்தவல்லி டிரங்க் ரோட்டிலும் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பங்குகளில் அன்பியம் வாரியாகக் கேரல் ரவுண்ட்ஸ் புறப்படுகிறது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு 'கிறிஸ்மாம் - கிறிஸ்சைல்டு' விளையாடுகிறார்கள். யார் கொடுப்பது என்று தெரியாமல் மறைவாகப் பரிசு வந்து சேரும் இந்த விளையாட்டில் கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் ஆர்வமாகக் கலந்துகொள்கின்றனர். அவர்களில் ஒருவர் நம்மிடம், "உங்கள் பண்டிகைக்கு ஏன் பரிசு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

ஞானிகள் கொடுத்தார்கள், அதனால் நாமும் கொடுக்கிறோம் என்பதே நம்மில் பலருடைய பதிலாக இருக்கும். அது பாதி உண்மை. முதலில் கொடுத்தவர் தந்தையாம் இறைவன். அவர் பொருள் எதையும் அனுப்பவில்லை, தம் மகனையே அனுப்பினார். கிறிஸ்து செல்வராக இருந்தும் நம் பொருட்டு ஏழையானதைத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும் இடத்தைக் கவனியுங்கள் (2 கொரி 8:9). எருசலேமில் வறுமையில் வாடிய இறைமக்களுக்காகக் காணிக்கை திரட்டும் பகுதியில்தான் அதை எழுதுகிறார். மனிதரான இறைமகனைப் பற்றிய இவ்வளவு உயர்ந்த ஒரு மறையுண்மை, பணம் சேர்க்கும் வேலையின் நடுவே சொல்லப்பட்டிருக்கிறது!

இனி ஞானிகளிடம் வருவோம். மக்கள் வழக்கில் இவர்களை மூன்று இராஜாக்கள் என்கிறோம். ஆனால் மத்தேயு நற்செய்தியில் அவர்கள் மூவர் என்றும் இல்லை, அரசர்கள் என்றும் இல்லை. பரிசுகள் மூன்று என்பதால் கொடுத்தவர்களும் மூவர் என்று மரபு கணக்கிட்டுக் கொண்டது. பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப் பிறந்த மனிதருக்கு என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித இரனேயு விளக்கம் தந்துள்ளார். வெள்ளைப்போளம் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பிசின்தான். இயேசுவின் அடக்கத்திற்கு நிக்கதேம் கொண்டுவந்ததிலும் அது இருந்தது (யோவா 19:39). பிறந்த குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய பொருளா இது என்று நமக்குத் தோன்றும். ஆனால் பரிசு பெறுகிறவர் யார் என்பதை அறிந்து கொடுத்தார்கள் ஞானிகள். மத்தேயு சொல்லும் வரிசையும் முக்கியம் (2:11). முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார்கள். பிறகுதான் பேழைகள் திறக்கப்படுகின்றன.

தொடக்கத் திருச்சபையில் பரிசு கொடுக்கும் பழக்கம் சிக்கலாகவே இருந்தது. உரோமையர்கள் புத்தாண்டில் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்த புனித அகுஸ்தின் தம் மறையுரை ஒன்றில், அவர்கள் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் ஏழைகளுக்குத் தருமம் கொடுங்கள் என்ற கருத்தில் பேசினார். திரும்பி வரும் என்று கொடுப்பது ஒன்று, வராது என்று தெரிந்தே கொடுப்பது வேறொன்று.

கிறிஸ்மஸ் தாத்தாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். சிவப்பு உடையையும் பருத்தித் தாடியையும் நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பவர் நான்காம் நூற்றாண்டில் மிரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். டிசம்பர் 6 அவருடைய திருநாள். அவரைப் பற்றிய பழைய கதை ஒன்று இது: வறுமையுற்ற தந்தை ஒருவருக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லாததால் அவர்களுடைய வாழ்க்கையே சீரழியும் நிலை. நிக்கோலாஸ் இரவில் யாரும் அறியாமல் அந்த வீட்டுக்குள் பொன் முடிப்பை எறிந்தார். மூன்று முறை இப்படிச் செய்தார்.

சீதனம்! இந்தக் கதை நம் வீட்டுக் கதையாக இருக்கிறது அல்லவா? ஆனால் நாம் என்ன செய்கிறோம்? திருமணமான முதல் ஆண்டு தலைக் கிறிஸ்மஸ் என்று சொல்லி, மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டுப்புடவை, சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் துணிமணி, பெரிய கேக் என்று பெண் வீட்டாரிடம் எதிர்பார்க்கிறோம். வாய்விட்டுக் கேட்பதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு மருமகளுக்கு வந்த சீரைப் பற்றிப் பேசினால் போதாதா, அதுவே கேட்டதுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மகளின் தலைக் கிறிஸ்மஸுக்காக மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. அடுத்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கும் அந்தத் தாய் தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டுதான் வந்தார். குடிலுக்கு முன் நின்று அவர் என்ன செபித்திருப்பார் என்று எங்களால் இன்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே இன்னொரு நடைமுறைச் சிரமமும் உண்டு. நம் பகுதித் தொழிற்சாலைகளில் போனஸ் பொதுவாகத் தீபாவளியை ஒட்டியே கிடைக்கும். டிசம்பர் வருவதற்குள் அது கரைந்துவிடும். அதனால்தான் சில இடங்களில் பெண்கள் மாதாமாதம் சிறு தொகை போட்டுக் கிறிஸ்மஸ் சீட்டு பிடிக்கிறார்கள். வட்டிக்கு வாங்கிப் புத்தாடை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஊரில் கொடுப்பது என்றால் மொய் நோட்டு நினைவுக்கு வரும். யார் எவ்வளவு எழுதினார் என்று பார்த்து, அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பி எழுத வேண்டும். மொய் கெட்ட பழக்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. வங்கி எட்டாத மக்களுக்கு அது கை கொடுத்த உதவிதான். ஆனால் ஆண்டவர் இயேசு விருந்து வைப்பவரிடம் சொன்னது இதற்கு நேர் எதிரானது (லூக் 14:12-14). உறவினரையும் செல்வரையும் அழைத்தால் அவர்கள் திருப்பி அழைத்துவிடுவார்கள், திருப்பிச் செய்ய இயலாதவரை அழையுங்கள் என்பது அவர் போதனை. கிறிஸ்மஸ் பரிசுக்கு நோட்டு கிடையாது.

திருப்பிச் செய்ய இயலாதவருக்குக் கொடுப்பதிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஓர் ஊரில் ஏழைகளுக்குச் சேலை வழங்கும் நிகழ்ச்சியைப் பார்த்தோம். மேடை, மைக், பெயர் அறிவிப்பு, ஒவ்வொருவராக வந்து சேலையைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டும். மாலைக்குள் அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. கணவனை இழந்த ஒரு பெண்மணியின் மகன் பள்ளியில் அதைப் பற்றிக் கேலிக்கு ஆளானான். மறு ஆண்டு அந்தப் பெண்மணி சேலை வாங்க வரவில்லை. சேலை தேவைப்படாததால் அல்ல.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கடவுள் அன்பாய் இருக்கிறார்' என்ற சுற்றுமடலின் 34-ஆவது பத்தியில் இதைப் பற்றியே எழுதுகிறார். என் கொடை பெறுபவரைத் தாழ்த்தாமல் இருக்க வேண்டுமானால், பொருளோடு என்னையும் நான் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. புனித வின்சென்ட் தே பால் சபையினர் இதை வெகு காலமாகச் செய்துவருகின்றனர். 1833-ஆம் ஆண்டு பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை இது. ஏழைகளை வரவழைப்பதில்லை, இருவராக அவர்கள் வீட்டுக்கே போவார்கள். பாயில் உட்கார்ந்து பேசுவார்கள். ஓசானாமை 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளராக உயர்த்தினார்.

நம் பகுதிக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குள் நீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கியபோதும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. அப்படிப்பட்ட டிசம்பரில் ஒரு பாயும் போர்வையும் அடுப்பும் எந்தக் கேக்கையும்விடப் பெரிய பரிசு. நனைந்த வீட்டிலிருந்து நனைந்த வீட்டுக்கு உணவு போனது. அதை யாரும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை.

கடைசியாகப் பலகாரத் தட்டு. ஆவடியின் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். கிறிஸ்மஸ் காலையில் கேக், அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம் வைத்துத் தட்டுகள் புறப்படும். காலித் தட்டைத் திருப்பக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். பொங்கலன்று அது சர்க்கரைப் பொங்கலோடும், ரம்ஜானுக்குப் பிரியாணியோடும் வரும். இதுவும் மொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நம் தொழிற்பேட்டைகளுக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா மாநில இளைஞர்களில் நம் கத்தோலிக்கச் சகோதரர்களும் இருக்கிறார்கள். திருப்பலி நம் மொழியில் புரியாவிட்டாலும் கோவிலின் பின்வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். இந்த ஆண்டு ஒரு தட்டு அந்த அறைக்கும் போகட்டும். பெயரைக் கேட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து வாருங்கள், இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தட்டு திரும்பி வராமல் போகலாம். ஜனவரியில் அவர்கள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருப்பார்கள்.